உமது பெயரில் ஒரு இரும்புக் கேற்

பூட்டுப் போடப்போகும் ஒரு கேற்றுக்கு மேலே உம்முடைய பெயரை எழுத விடலாமா? பல நாளாக இதையே எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கடிதம் எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உமக்குத் தெரியும். போனவர்கள் எங்கிருந்தோ படிப்பார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் கேட்க வேறு ஆளில்லை.

மண் பை என் முன்னால் மேசையில் இருக்கிறது. அலுவலகத்தின் பழைய வரைபட அறையை இந்த வாரம் காலி பண்ணினார்கள். உம்முடைய அலுமாரியை நகர்த்தியபோது அதன் பின்னாலிருந்து விழுந்ததாம். நீலத் துணியில் நீரே தைத்த சந்தைப் பை. உள்ளே உப்புவெளிக் கடற்கரை மணல். காவலாளி அதைத் தூக்கிக்கொண்டு வந்து, "மிஸ், இதென்ன, வெள்ளத்துக்கு வைச்ச மூட்டையோ? எறிஞ்சு போடட்டோ?" என்று கேட்டார். "அங்க வையுங்கோ" என்றேன். என் குரல் கூடிவிட்டது போலும். பையை வைத்துவிட்டு மெதுவாகப் பின்வாங்கிப் போனார். பிறகு கதவைச் சாத்திவிட்டு அதை முகர்ந்து பார்த்தேன். கடல் மணம் ஒன்றும் இல்லை. தூசிதான்.

அந்தப் பை எதற்கு என்று இப்போது அலுவலகத்தில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியைப் புதிதாக வடிவமைக்கும் வேலை நம் இருவரிடமும் வந்த காலம். கொழும்பிலிருந்து ஓர் ஆலோசகர் பெரிய வரைபடம் ஒன்றோடு வந்தார். பஸ் நிலையத்தை நடுவாக வைத்துக் கவராயத்தால் ஒரு வட்டம் போட்டிருந்தார். வட்டத்துக்குள் இருப்பதெல்லாம் ஐந்து நிமிட நடை, அதற்குள் வீடும் கடையும் அலுவலகமும் நெருங்கி வரவேண்டும் என்றார். கொள்கையில் பிழையில்லை. நாமும் பல்கலைக்கழகத்தில் அதையேதான் படித்தோம். ஆனால் அவருடைய வட்டத்தில் ஒரு துண்டு உள்துறைமுகத் தண்ணீருக்குள் கிடந்தது. இன்னொரு துண்டு படையினரின் முள்வேலிக்கு அந்தப் பக்கம்.

நீர் கையை உயர்த்தினீர். "சேர், தண்ணிக்குள்ளயும் வீடு வருதுபோல. அப்ப மீனுகளுக்கும் பஸ் சீசன் டிக்கட் குடுப்பமா?"

கூட்டங்களில் சிரிக்க எனக்கு வராது. மேசைக்குக் கீழே உம்முடைய காலை மிதித்தேன். "ஏன் புள்ள மிதிக்கிற? உண்மையத்தானே சொல்றன்" என்று அதையும் எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர். பல்கலைக்கழகத்தில் முதல் நாளே நீர் என்னை நீ என்றும் புள்ள என்றும் கூப்பிட்டீர். லிங்கநகர்க்காரியான நான் கடைசிவரை உம்மை நீர் என்றே கூப்பிட்டேன். "லிங்கநகர் மரியாதை" என்று அதைப் பகிடி பண்ணுவீர்.

மறுநாள் அந்தப் பையோடு வந்தீர். இரவு இருந்து தைத்திருக்கிறீர். ஆலோசகரைப் பஸ் நிலையத்துக்கு அழைத்துப்போய், உச்சி வெயிலில், பையை அவர் கையில் கொடுத்தீர். "கிண்ணியாவுல இருந்து வாற பொம்புள கைய வீசிக்கிட்டு வாறல்ல, சேர். ஒரு கையில சாமான், மத்தக் கையில புள்ள. நாங்க உங்களுக்குப் புள்ளையத் தரல்ல. பைய மட்டும் கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, பாப்பம்."

அவர் போனார். அதை இன்றும் மறக்கவில்லை. பஸ் நிலையத்துக்கும் ஆஸ்பத்திரி வீதிக்கும் நடுவே அந்தப் பழைய களஞ்சிய வளவு மதிலோடு குறுக்கே கிடக்கிறது. பறவை என்றால் உடனே தாண்டிவிடும். மனிதன் பிரதான வீதியால் முழு வளவையும் சுற்ற வேண்டும். நடைபாதை இல்லை, நிழல் இல்லை, ஓட்டோக்கள் முழங்கையை உரசும். ஆலோசகர் பாதி வழியில் கை மாற்றினார். பிறகு மறுபடி கை மாற்றினார். கடைசியில் ஒரு கடை வாசலில் பையை வைத்துவிட்டுச் சோடா கேட்டார். குடித்து முடித்து வளவு மதிலைப் பார்த்தபடி, "இதுக்கு நடுவால ஒரு வழி இருந்தால்..." என்று இழுத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றீர் என் காதில். "வட்டம் ஒடஞ்சிட்டு."

அன்றிலிருந்து அது நம் அறையின் சட்டமானது. யாராவது ஒருவர் அந்தப் பையோடு உச்சி வெயிலில் நடந்து பார்க்காமல் எந்தக் கோடும் உம்முடைய மேசையை விட்டுப் போகாது. பாலையூற்றுப் பக்க பஸ் தரிப்பிடங்களுக்கு நானே எத்தனை தடவை நடந்தேன். ஒருநாள் எரிச்சலில், "எனக்குக் கை நோகுது, கோட்டைக் கொஞ்சம் நீட்டிப் போட்டால் என்ன வந்தது?" என்று கேட்டேன். "கோட்டுக்குக் கை நோகாது புள்ள. அதுதான் எல்லாப் பிரச்சினையும்" என்றீர்.

நாம் வரைந்தது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. களஞ்சிய வளவின் நடுவால், பஸ் இறங்கும் இடத்திலிருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு நேராக, மழைக்கும் வெயிலுக்கும் கூரை போட்ட ஓர் ஊடுவழி. இரு பக்கமும் சின்னச் சின்னக் கடைகள்: மருந்துக் கடை, தேநீர்க் கடை, போட்டோப் பிரதி எடுக்கிற கடை. அதற்கு மேல் மாடி ரியூசன் வகுப்புக்கும் பல் வைத்தியருக்கும். அதற்கும் மேலே சிறிய வீடுகள், தாதிமாரும் ஆசிரியர்களும் வாடகைக்கு இருக்கக்கூடிய அளவில். வீடுகள் எதற்கு, அலுவலகம் மட்டும் போதாதா என்று கேட்டவர்களுக்கு நீர் ஒரே பதில்தான் சொல்வீர்: "மேல ஒரு ஊட்டுல லைற் எரிஞ்சா, கீழ ஒரு பொம்புள கடைசி பஸ்ஸுக்குப் பயமில்லாம நிப்பா." புத்தகங்களில் பக்கம் பக்கமாக எழுதியிருப்பதை நீர் ஒரு வீட்டு லைற்றில் முடித்துவிடுவீர்.

பொதுமக்கள் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்ற அறிவித்தலைப் பஸ் நிலையத் தூணில் ஒட்டினோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தால், மாடுகளைப் போல வீதியில் அலையும் நகரத்து மான்களில் ஒன்று அதன் கீழ்ப்பாதியைத் தின்று முடித்து மிச்சத்தை நக்கிக்கொண்டிருந்தது. "முதலாவது ஆட்சேபனை வந்திட்டு. பதிஞ்சு கொள்ளு" என்றீர். அன்று நான் சிரித்தேன். வீதியில் நின்று, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அப்படிச் சிரித்தது அதுவே கடைசி என்று நினைக்கிறேன்.

இப்போது என் மேசையில் இருக்கும், கட்டப்போகும் கம்பனிக்காரர் திருத்திய வரைபடத்தைச் சொல்கிறேன். அதற்கும் நம்முடையதற்கும் ஒரே தலைப்பு. 'நடைக்குகந்த நகர மையம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. முன்பக்கப் படத்தில் மரங்கள், சைக்கிள்கள், பலூன் பிடித்த ஒரு குழந்தை. உள்ளே திருப்பினால் கீழ்த்தளம் முழுவதும் வாகனத் தரிப்பிடம். தாதிமாரின் வீடுகள் துறைமுகம் தெரியும் விடுதி அறைகளாகிவிட்டன. இரவில் அங்கே லைற் எரிவது உல்லாசப் பயணிகள் வரும் சீசனைப் பொறுத்தது. ஊடுவழி இருக்கிறது; அதை எடுக்கவில்லை. இரண்டு முனையிலும் இரும்புக் கேற் மட்டும் போட்டிருக்கிறார்கள். கடைகள் திறந்திருக்கும் நேரத்தில் மட்டும் திறப்பார்களாம். பராமரிப்பு விதிகளில் ஒரு வரி: மீன், மரக்கறி, பெரிய பொதிகளோடு உள்ளே வர அனுமதியில்லை.

பொதிகளோடு அனுமதியில்லை. இதை வாசித்தபோது எழுந்து போய் ஜன்னலண்டை நின்றேன். நான் சத்தம் போடுகிற ஆளில்லை. ஆனால் அந்த வரியை எழுதியவனைப் பிடித்து இந்தப் பையை அவன் கழுத்தில் கட்டி நடக்க விட்டிருப்பேன்.

கோபம் அவர்களோடு மட்டுமில்லை. உம்மோடும்தான். இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது வெறும் அஞ்சலிக் கூட்டப் பேச்சாகிவிடும். வாகனத் தரிப்பிடத்தைக் கொஞ்சம் பெரிதாக்கக் கேட்டார்கள், நீர் ஒத்துக்கொண்டீர். மேல்தளத்தில் ஒரு பகுதியை விடுதிக்குக் கேட்டார்கள், அதற்கும் ஒத்துக்கொண்டீர். நான் வேண்டாம் என்றேன். "கொஞ்சம் குடுத்துக் கொஞ்சம் எடுப்பம் புள்ள. வழி மட்டும் தப்பினாப் போதும்" என்றீர். நீர் குடுத்ததையெல்லாம் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். நீர் போனபிறகு வழியையும் எடுத்துக்கொண்டார்கள். எல்லோரையும் சிரிக்க வைத்து வேலை எடுத்துவிடலாம் என்று நினைத்தீர். சிரித்தவர்கள் உம்மோடுதான் சிரித்தார்கள், உம்முடைய திட்டத்தோடு இல்லை. அந்த வித்தியாசம் உமக்குக் கடைசிவரை தெரியவில்லை. அல்லது தெரிந்தும் எனக்குச் சொல்லவில்லை.

நோய் வந்தபிறகு சிகிச்சைக்குக் கிண்ணியாவிலிருந்து பஸ்ஸிலேயே வந்தீர். காரில் கூட்டிவருகிறேன் என்றேன்; மாட்டேன் என்றீர். ஒருநாள் பஸ் நிலையத்தில் காத்திருந்து உம்மோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வளவின் வீதிப்பக்க மதிலை இடித்துவிட்டு அப்போது புதிதாகத் தகரம் அடித்திருந்தார்கள். வேலை இன்னும் தொடங்கவில்லை, தகரம் மட்டும் வந்துவிட்டது. மூலையில் ஒரு மதகுக் கட்டின்மேல் உட்கார்ந்தீர். நான் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். உம்மிடம் பை இல்லை. மருந்துத் துண்டு வைத்த சிறிய பர்ஸ் ஒன்றுதான்.

"இப்ப மண் பை தேவல்ல," என்றீர். "நானே பைதான்."

தகரத்தைத் தட்டிப் பார்த்தீர். "இதுக்குள்ளாலதான் நம்மட வழி," என்றீர். "இந்தா, நேரா அங்க ஆஸ்பத்திரிட தண்ணித் தாங்கி தெரியுது பாரு." பிறகு எழுந்து சுற்றி நடந்தோம். நீர் அன்று வேறு பகிடி விடவில்லை.

போன வாரம் பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். புதியவர், உம்மை ஒரு தடவைதான் கண்டிருக்கிறார். கதிரையை இழுத்து உட்காரச் சொன்னார். "மிஸ், ஒரு சந்தோஷமான விஷயம். அந்த ஊடுவழிக்கு உங்கட சிநேகிதியின்ர பேரையே வைக்கப்போறம். கேற்றுக்கு மேல, வளைவா, மூண்டு மொழியிலயும்."

"கேற்றுக்கு மேல" என்று திருப்பிச் சொன்னேன்.

"ஓம். வடிவா இருக்கும். கூட்டத்தில நீங்கள்தான் அவவைப் பற்றிக் கதைக்கோணும். பிறகு அந்த இப்போதைய நிலை வரைபடத்திலயும் உங்கட கையெழுத்து மட்டும்தான் மிச்சம். அதையும் போட்டுத் தந்தால் வேலையைத் தொடங்கலாம்."

அந்த வரைபடம் உமக்குத் தெரிந்ததுதான். கட்டுவதற்கு முன் நிலம் இன்று எப்படிக் கிடக்கிறது என்று காட்டுவது. மரம், கிணறு, மதில், சனம் போய்வரும் பாதை, எல்லாம் அதில் வரவேண்டும். பாதை ஒன்று இருந்தால், அதை மூடுவதற்கு முன் மக்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். களஞ்சிய வளவை 'வெற்று நிலம்' என்று போட்டிருந்தார்கள். மதில் இருந்த காலத்திலும் அங்கே பாதை இருக்கவில்லை, ஆகவே அதில் பொய் இல்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன்.

பெயர் விஷயத்துக்கு உம்முடைய கணவரிடம் ஏற்கெனவே சம்மதம் வாங்கிவிட்டார்கள். இன்று பின்னேரம் அவருக்குப் போன் எடுத்தேன். கேற்றைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னேன். பொதிகளைப் பற்றிய வரியையும் வாசித்துக் காட்டினேன்.

"கேற்றுக்குப் பக்கத்தில நிண்டு அவ கதைக்கிற கதை எனக்கு இப்பவே கேக்குது," என்றார். "ஆனா மிஸ், புள்ளையளுக்குச் சொல்லிப் போட்டன். சின்னவ பள்ளிக்கூடத்தில எல்லாருக்கும் சொல்லிட்டா, உம்மாட பேர்ல ஒரு ரோட்டு வருது எண்டு."

"அப்ப நான் என்ன செய்ய?"

"நீங்க பாத்துச் செய்ங்க. அவ உங்களத்தானே நம்பினவ."

இதைக் கேட்டதும் எனக்கு வந்தது அழுகை இல்லை. ஆத்திரம்தான். என்னை நம்பச் சொல்லி யார் கேட்டார்? மறுத்தால் ஒரு பிள்ளையின் வாயிலிருந்து அவளுடைய தாயின் பெயரைப் பிடுங்குகிறேன். ஒத்துக்கொண்டால், மரக்கறி மூட்டையோடு பஸ்ஸால் இறங்கும் பெண் ஒருத்தி கேற்றுக்கு முன்னால் திருப்பி அனுப்பப்படும்போது, அவள் நிமிர்ந்து பார்த்தால் உம்முடைய பெயர் தெரியும். அவள் கிண்ணியாக்காரியாகவும் இருப்பாள். உம்மைத் தெரிந்தவளாகவும் இருக்கலாம்.

உம்முடைய மையித்து வீட்டுக்கு வந்தேன். பெண்களோடு உள்ளே இருந்தேன். உம்மை அடக்கிய இடத்தை நான் பார்த்ததில்லை. அதனால் எனக்கு உம்முடைய இடம் என்றால் அந்த வளவுதான். தகரத்துக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தாங்கி நேராகத் தெரிகிற கோடு. என்னிடம் உம்முடையது என்று மிச்சம் இருப்பது அந்தக் கோடும், இந்த மணலும், எதையும் கையில் பாரத்தோடு நடந்து பார்க்காமல் நம்பாத கெட்ட பழக்கமும்தான். நாளைக்குக் கூட்டம். பையைக் கொண்டுபோகிறேன். என்ன சொல்வேன் என்று தெரியாது.

மறுநாள் மாலை எழுதுவது.

கூட்டத்தில் பையை மேசைமேல் வைத்தேன். கேற்றையும் பொதி விதியையும் எடுத்தால் பெயர் இருக்கட்டும், எடுக்காவிட்டால் பெயர் வேண்டாம் என்றேன். பெரிய சண்டை வரும் என்று இரவு முழுக்க வசனங்களைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். பணிப்பாளர், "சரி, உங்களுக்கு விருப்பமில்லை எண்டால் பேரை எடுத்திடுவம்" என்றார். படம் வரைபவர் திரையில் உம்முடைய பெயரைத் தொட்டார், அது போய்விட்டது. கேற் இருந்த இடத்திலேயே இருந்தது. அதைப் பிறகு கதைப்போம் என்றார்கள். தேநீர் வந்தது.

உச்சி வெயிலில் எல்லோரும் என்னோடு ஒருதடவை நடந்து வாருங்கள் என்று கேட்டேன். பணிப்பாளருக்கு வேறு கூட்டம் இருந்தது. பொறியியலாளர் ஒருவர், "மிஸ், சிமெந்து எண்டால் தூக்கலாம், மண்ணைத் தூக்கி என்ன செய்யிறது?" என்றார். சிலர் சிரித்தார்கள். நான் தனியே போனேன்.

பஸ் நிலையத்திலிருந்து நடந்தேன். அந்த மதகடிக்கு வந்ததும் பையைக் கை மாற்ற நின்றேன். நான் நடக்கத் தொடங்கியபோது பஸ்ஸால் இறங்கிய ஒரு பெண், ஒரு கையில் குழந்தையும் மறுகையில் சாமான் பையுமாக, எனக்கு முன்னால் தகரத்துக்குள் புகுந்து மறைந்துவிட்டாள். கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு தகரத்தை அடியில் வெட்டி மடித்திருந்தது. வெட்டிய விளிம்பு ஆடையைக் கிழிக்காதபடி பழைய சைக்கிள் ரயரைப் பிளந்து, கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தது. பின்பக்க மதில் இடிந்து கிடந்தது. நடுவே புல் மிதிபட்டு, நேர்கோடாக, வெள்ளையாக ஒரு ஒற்றையடிப் பாதை. அதன் முடிவில் தண்ணீர்த் தாங்கி.

உள்ளே போனவள் திரும்பித் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வாங்க மிஸ், குனிஞ்சு வாங்க. பாரத்தத் தாங்க முதல்ல."

பையைக் கொடுத்தேன். "என்ன பாரம், அரிசியா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

அலுவலகத்துக்கு வந்து வரைபடத்தை விரித்தேன். 'வெற்று நிலம்' என்பதை வெட்டினேன். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி வீதிக்கு ஒரு கோடு போட்டு, 'பாவனையிலுள்ள பொதுநடைபாதை' என்று எழுதி, கீழே கையெழுத்திட்டு அனுப்பினேன். பெயர் ஒன்றும் எழுதவில்லை. அலுவலகம் மூடுவதற்குச் சற்று முன் பணிப்பாளர் போன் எடுத்தார்.

"மிஸ், அது பாதையில்ல. தகரத்தில ஒரு ஓட்டை."

"ஓம் சேர், ஓட்டைதான்," என்றேன். "சனம் போகுது. மூடுறதெண்டால் கூப்பிட்டுக் கேக்கோணும்."

போனை வைத்துவிட்டார். நாளை என்ன செய்வாரென்று தெரியாது. உம்முடைய சின்னவளுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறை நாளில் அவளைப் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவரும்படி அவளுடைய வாப்பாவிடம் கேட்டிருக்கிறேன். பை என்னிடம்தான் இருக்கிறது. அவளுக்குத் தூக்க முடியுமா என்று யோசித்து, கொஞ்ச மணலைக் கொட்டிக் குறைத்து வைத்தேன்.